பரளச்சிப் பருத்தியில் வந்த பொம்மை

பருத்தி வண்டியின் உச்சியில் ஏறி உட்கார்ந்தால் முதலில் பயமாக இருக்கும். அப்புறம் இறங்க மனசு வராது.

சாக்குகளைப் பிரித்துத் தைத்த பெரிய தாட்டுகளில் பருத்தியை மிதித்து மிதித்து அடைத்து, கயிறு போட்டு இறுக்கியிருந்தார்கள். அதற்கு மேலே நானும் மரியபுஷ்பமும். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பங்குனி வெயில் ஏறுவதற்குள் அருப்புக்கோட்டை போய்விட வேண்டும் என்று மாடுகளை விரட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் கரிசல் காடு. காய் வெடித்து முடிந்த செடிகளில் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்த பஞ்சு காற்றில் ஆடியது. எங்கள் வெள்ளைச் சேலை, தலைமுடி, கண் இமை எல்லாவற்றிலும் பஞ்சு. பருத்திக்கு ஒரு வாசனை உண்டு. வெயிலில் காய்ந்த துணியும் பச்சை விதையும் கலந்த மாதிரி. இன்றைக்கும் புதுத் தலையணையில் முகம் வைத்தால் எனக்கு அந்த வண்டிதான்.

முன்வண்டியில் டாக்டரம்மா கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு வண்டிக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வண்டிகள் வரிசையாகப் போவதைப் பார்த்துவிட்டு, எதிரே வந்த ஒருவர் எந்த ஊர்க் கல்யாணம் என்று கேட்டார்.

“பொம்ம வாங்கப் போறோம்” என்று மரியபுஷ்பம் மேலே இருந்து கத்தினாள்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்த ஒரு பொம்மைக்காக நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால்தான் அந்தச் சிரிப்பு உங்களுக்கும் புரியும்.

தொட விடாத டாக்டரம்மா

எங்கள் ஆஸ்பத்திரி அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பாதையில், ஊரை விட்டு ஒதுங்கி, உடைமரங்களுக்கு நடுவில் இருந்தது. ஓட்டுக் கூரை. கட்டில்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கிணற்றுத் தண்ணீர் உப்பு. அந்தத் தண்ணீரில் போட்ட காப்பியைக் குடித்துப் பழகிய பிறகு வேறு எந்த ஊர்க் காப்பியும் எனக்குச் சப்பென்றுதான் இருந்தது.

டாக்டர் சாராளம்மாள் மதராஸில் படித்தவர். கிறிஸ்தவ ஊழியத்துக்காரர்கள் நடத்திய அந்த ஆஸ்பத்திரிக்குச் சில மாதங்கள் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், போகவே இல்லை. குட்டையான உருவம். கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும்.

சுற்றியுள்ள கிராமங்களில் பிரசவத்தில் சாகிற பெண்களைப் பார்த்துப் பார்த்து, உள்ளூர்ப் பெண்களையே மருத்துவச்சிகளாகப் பழக்க வேண்டும் என்று அவர் எங்கள் சிலரைச் சேர்த்திருந்தார். நான் பந்தல்குடிக்காரி. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். பக்கத்தில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்து போகலாம் என்றுதான் என்னை அனுப்பினார். மதுரை என்றால் அனுப்பியிருக்க மாட்டார். அதை அவரே சொல்லியுமிருந்தார். மரியபுஷ்பம் காரியாபட்டிப் பக்கம். கத்தோலிக்கக் குடும்பம். வாய் ஓயாதவள்.

சேர்ந்து பல மாதமாகியும் நாங்கள் செய்த வேலை வெந்நீர் போடுவதும் துணி அவிப்பதும்தான். பிரசவ அறைக்குள் நிற்கலாம், பார்க்கலாம். தொடக்கூடாது. ஒருநாள் மரியபுஷ்பம் துணிந்து, எப்போதுதான் எங்களை விடுவீர்கள் என்று கேட்டுவிட்டாள்.

“உசுரோட இருக்கிற பொம்பள மேல நீங்க பழகக் கூடாது. முதல்ல பொம்மை மேல கை பழகணும். அதுக்கப்புறம்தான் மனுஷி” என்றார் டாக்டரம்மா.

பொம்மை என்று அவர் சொன்னது விளையாட்டுச் சாமான் இல்லை. தோலால் செய்த ஒரு பெண் இடுப்பு; உள்ளே கர்ப்பப்பை மாதிரி ஓர் அறை; அதில் வைத்து எடுக்க ஒரு தோல் குழந்தை. குழந்தை தலை முன்னால் வந்தால் எப்படி, கால் முன்னால் வந்தால் எப்படி, கை மாட்டிக்கொண்டால் எப்படி என்று அதில் நூறு தடவை செய்து பார்க்கலாம். அவர் படித்த கல்லூரியில் அது இருந்தது. எங்களிடம் படம்கூட இல்லை.

தை மாதத்தில் மதராஸிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தார். அடுப்பங்கரைவரை எல்லாவற்றையும் பார்த்தார். பழகுவதற்கு மாதிரி உருவம் இல்லாத இடத்தைப் பயிற்சிப் பள்ளி என்று சர்க்கார் ஏற்காது என்றார். ஆடியில் திரும்பி வருவதாகவும், அதற்குள் வாங்கி வைக்காவிட்டால் பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிடும்படியும் சொல்லிவிட்டுப் போனார்.

அது உலகச் சண்டை நடந்த காலம். கடல் தாண்டி வந்துகொண்டிருந்த நன்கொடை நின்று போயிருந்தது. மதராஸில் ஒரு கருவிக் கடையில் சண்டைக்கு முன் வந்த பொம்மை ஒன்றே ஒன்று மிச்சம் இருப்பதாக டாக்டரம்மா விசாரித்து வைத்திருந்தார். விலையைக் கேட்டு எங்கள் கம்பவுண்டர் உட்கார்ந்துவிட்டார்.

பேர் எழுத எங்கே இடம்?

முதலில் டவுனுக்குத்தான் போனோம். அந்தக் காலத்து பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய உலையைக் கட்டி, கரி போட்டு, அந்தப் புகையில் ஓட்டுவார்கள். கிளம்புவதற்கு முன் ஒருவர் துருத்திச் சக்கரத்தைச் சுற்றோ சுற்றென்று சுற்ற வேண்டும். மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். டாக்டரம்மாவும் இறங்கித் தள்ளினார். கண்டக்டர் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டும் கேட்கவில்லை. வெள்ளைச் சேலையில் போய் கறுப்புச் சேலையில் இறங்கினோம்.

அருப்புக்கோட்டையில் பஞ்சு அரவை மில் வைத்திருந்த முதலாளி ஒருவர் தர்ம காரியங்களுக்குப் பேர்போனவர். எங்களை உட்காரவைத்து, பானகம் கொடுத்து, பொறுமையாகக் கேட்டார். கிணறு வெட்டித் தருகிறேன், சுற்றுச்சுவர் கட்டித் தருகிறேன், தாயார் பேரில் கட்டில் போடுகிறேன் என்றெல்லாம் சொன்னார். டாக்டரம்மா மறுபடியும் பொம்மையிலேயே வந்து நின்றார்.

“எல்லாஞ் சரிதாம்மா. பொம்மையில எங்க பேரு எழுதுறது?” என்றார் அவர். கிண்டலில்லை, நிஜமாகவே கேட்டார்.

டாக்டரம்மா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அதற்குப் பிறகு ஜவுளிக்கடைக்காரர், மிளகாய் வற்றல் மண்டிக்காரர், ஓய்வு பெற்ற தாசில்தார் என்று பலரைப் பார்த்தோம். பஞ்சத்துக்குக் கஞ்சி ஊற்றினால் தருகிறேன் என்றார் ஒருவர். பெரிய மனுஷி பொம்மை வைத்து விளையாடவா என்று இன்னொருவர் சிரித்தார். திரும்பும்போது டாக்டரம்மாவின் குரல் இறங்கிப் போயிருந்தது. கோபம் என்று நினைத்தேன். இல்லை, களைப்பு.

சுரைக்குடுக்கைத் தலை

அன்று சாயங்காலம் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது மரியபுஷ்பம் சொன்னாள், இந்த ஆம்பளைகள் யாரும் பிரசவ அறைக்குள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை, எதற்குப் பணம் கேட்கிறோம் என்று இவர்களுக்கு எப்படித் தெரியும் என்று. தெரியவைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. நாமே ஒன்று செய்தால்?

அப்படிப் பிறந்ததுதான் எங்கள் சாக்குப் பொம்மை. அடிப்பக்கம் வெட்டிய ஓலைப்பெட்டிதான் இடுப்பெலும்பு. அதைச் சுற்றி, பழைய துணி அடைத்த கோணிச்சாக்கு. குழந்தைக்கு உடம்பு கிழிந்த போர்வை. தலைக்குக் காய்ந்த சுரைக்குடுக்கை ஒன்று. அதற்குக் கழுத்தும் கூடவே இருந்தது வசதி. தைத்து முடித்து டாக்டரம்மா மேசைமேல் கொண்டுபோய் வைத்தோம்.

அவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு கையை உள்ளே விட்டுக் குழந்தையைத் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது.

“படிக்கிறதுக்கு இது ஆகாது. காட்டுறதுக்கு ஆகும்” என்றார்.

வெள்ளையம்மாள் வீட்டு முற்றம்

பரளச்சியில் பெருமாள்சாமி என்று ஒரு பெரிய சம்சாரி, அதாவது விவசாயி. கண்ணுக்கு எட்டுமட்டும் அவருடைய பருத்திக் காடு. மாசிக் கடைசியில் ஒரு மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனோம். டாக்டரம்மா விஷயத்தைச் சொல்லத் தொடங்கி, சாக்குப் பொம்மையை எடுத்து வைத்ததும் அவர் நெளிந்தார். வெள்ளாமை முடியட்டும், யோசிக்கலாம் என்று சொல்லிக்கொண்டே துண்டைத் தோளில் போட்டார். காட்டில் வேலை கிடக்கிறதென்று போயே போய்விட்டார்.

போச்சு என்று நான் பொம்மையைச் சுருட்டினேன். அப்போது உள்ளேயிருந்து அவர் மனைவி வெள்ளையம்மாள் வெளியே வந்தார். காதில் பாம்படம் ஆட, நெடுநெடுவென்று இருப்பார்.

“அவுக போனாப் போறாக. அத இங்க கொண்டா தாயி, என்னன்னு நான் பாக்கேன்.”

பார்த்தவர் சும்மா இருக்கவில்லை. பருத்தி எடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பெண்களையெல்லாம் கூப்பிட்டு முற்றத்தில் உட்காரவைத்தார். வெளிக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அந்தப் பக்கத்தில் பருத்தி எடுக்கப் போனால் கூலியும் பருத்திதான். எடுத்ததில் ஒரு பங்கு. அதை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். கடைக்காரரிடம் கொடுத்தால் உப்பு, புளி, மண்ணெண்ணெய். ஆக, அங்கே வந்து உட்கார்ந்த எல்லாப் பெண்களின் மடியும் புடைத்திருந்தது.

டாக்டரம்மா பேச, நான் செய்து காட்டினேன். இத்தனை பேர் முன்னால் செய்வது அதுதான் முதல் தடவை. சுரைக்குடுக்கைத் தலை எட்டிப் பார்த்ததும் ஒரே சிரிப்பு. யார் ஜாடை என்று ஒருத்தி கேட்க, இன்னொருத்தி தன் மாமியார் பேரைச் சொல்ல, முற்றமே குலுங்கியது. நானும் சிரித்துவிட்டேன். பயம் போய்விட்டது.

அடுத்து, குழந்தையைத் திருப்பி வைத்துக் கால் முன்னால் வருவதைக் காட்டினேன். இரண்டு கால், இடுப்பு, தோள். அங்கே தலை மாட்டிக்கொண்டது. இழுத்தால் வராது. டாக்டரம்மா என் கைமேல் கை வைத்து, எந்த விரல் எங்கே போக வேண்டும், எப்படி உடம்பைத் தூக்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். செய்தேன். தலை வழுக்கிக்கொண்டு வந்தது.

யாரும் சிரிக்கவில்லை.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். காளியம்மாள் என்று பெயர். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவளாக இருப்பாள்.

“எனக்கு இப்பிடித்தேன் வந்துச்சு” என்றாள். “ரெண்டும் இப்பிடித்தேன். இழுத்தாக. தலை வரல.”

முன்னால் வந்து, பொம்மைக்குப் பக்கத்தில் மடியை அவிழ்த்துக் கொட்டினாள். பருத்தி பொதபொதவென்று விழுந்தது. அன்றைய கூலி முழுவதும் அது. டாக்டரம்மா தடுக்கக் கையை நீட்டினார். அதற்குள் அடுத்தவள் வந்துவிட்டாள். அதற்கடுத்தவள். சிலர் பாதியைக் கொட்டினார்கள், சிலர் ஒரு கைப்பிடி. கொட்டும்போதே ஒவ்வொருத்தியும் ஏதாவது சொன்னாள். என் தங்கச்சி. எங்கக்கா. எம் மூத்தது. அதுவரை யாரிடமும் சொல்லாதவற்றையெல்லாம் அந்த முற்றத்தில் சொன்னார்கள். முழங்கால் உயரத்துக்குப் பருத்தி. நான் அதற்குள் உட்கார்ந்துகொண்டு அழுகிறேனா சிரிக்கிறேனா என்று தெரியாமல் இருந்தேன்.

வெள்ளையம்மாள் இடுப்பிலிருந்த சாவியை எடுத்துப் பருத்தி அறையைத் திறந்தார்.

சாயங்காலம் பெருமாள்சாமி திரும்பி வந்தபோது வாசலில் வண்டியில் பருத்தி ஏறிக்கொண்டிருந்தது.

“இது நம்ம வண்டியா?” என்றார்.

“மாடும் நம்ம மாடுதேன்” என்றார் வெள்ளையம்மாள்.

அவர் வண்டியைச் சுற்றி வந்தார். பிறகு, கயிறு சரியாக இல்லை என்று சொல்லி, தானே அவிழ்த்து இறுக்கிக் கட்டினார்.

அந்தச் செய்தி எங்களுக்கு முன்னால் ஓடியது. பொம்மையைக் காட்ட வரச்சொல்லிப் பக்கத்து ஊர்களிலிருந்து ஆள் வந்தது. பங்குனி பாதிவரை ஊர் ஊராகப் போனோம். சுரைக்குடுக்கை இரண்டு தடவை உடைந்தது; இரண்டு தடவையும் மாற்றினோம். முதலில் ஏற்றிய பருத்தியையும் இறக்கி வைத்து, கிடைத்ததையெல்லாம் பரளச்சியில் சேர்த்தோம்.

கலப்படம்

ஆரம்பத்தில் சொன்ன வண்டிகள் இவைதான். முன்வண்டியை ஓட்டியவர் யாரென்று சொல்லவில்லையே; பெருமாள்சாமியேதான். ஆட்களை நம்பி விடமுடியாது என்று அவரே மூக்கணாங்கயிற்றைப் பிடித்துவிட்டார்.

எங்களுக்குக் கிணறு வெட்டித் தருகிறேன் என்றவரின் அதே மில்லுக்குத்தான் போனோம். கணக்குப்பிள்ளை தாட்டுக்குள் கையை விட்டு ஒரு பிடி உருவி, பிரித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். முதலாளியும் வந்து பார்த்தார். பல காட்டுப் பருத்தி, பல கை எடுத்தது, சருகும் தூசியும் கலந்திருக்கிறது, கலப்படத்துக்குப் பாதி விலைதான் போட முடியும் என்றார். தொழில் முறையில் அவர் சொன்னதில் தப்பில்லை.

பாதி விலைக்குப் பாதி பொம்மை கிடையாது. மரியபுஷ்பம் என் கையைப் பிடித்தாள். டாக்டரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பெருமாள்சாமி வண்டியிலிருந்து இறங்கினார்.

“இதுல எம்பருத்தியும் கெடக்கு மொதலாளி. அப்ப அதுவும் கலப்படந்தேன?”

“அண்ணாச்சி, ஒங்க பருத்தியச் சொல்லல...”

“வருசா வருசம் ஒங்களுக்குத்தேன் போடுறேன். இந்த வருசப் பருத்தி பூராம் இன்னும் வீட்லதேன் இருக்கு. கலப்படம்னா அது வரவேண்டாம். விருதுநகர்ல போட்டுக்கிறேன்.”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். முற்றத்தில் பொம்மையைப் பார்த்ததும் எழுந்து ஓடியவர் இவர்தானா என்று எனக்கு ஆச்சரியம்.

முதலாளி அவரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பொம்மையைத்தான் காட்டுங்களேன் என்றார். எடைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்து, தலை மாட்டுகிற இடத்தை மட்டும் காட்டினேன். கணக்குப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதலாளி திருப்பவில்லை. முடிந்ததும் உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, முதல் தரத்து விலையே போடச் சொன்னார். சாமானை மதராஸிலிருந்து தன் ஏஜெண்டு மூலம் பத்திரமாக வரவழைத்துத் தருவதாகவும் சொன்னார்.

“பேரு எழுத இன்னும் எடம் கெடைக்கல மொதலாளி. பொறக்கிற பிள்ளைகளுக்கு வேணா வைக்கச் சொல்றேன்” என்றார் டாக்டரம்மா.

முதலாளி முதன்முறையாகச் சிரித்தார்.

ஆடிக் காற்றில்

வைகாசியில் பெட்டி வந்தது. திறந்தபோது தோலும் கற்பூரமும் கலந்த வாடை. நாங்கள் கைகழுவிவிட்டுத்தான் தொட்டோம். அன்றிலிருந்து சாப்பாடு மறந்து பழகினோம். கண்ணைக் கட்டிக்கொண்டு, விரல் நுனியாலேயே குழந்தை எப்படிக் கிடக்கிறது என்று சொல்லும்வரை டாக்டரம்மா விடவில்லை.

ஆடியில் சொன்னபடி இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தார். காற்று ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போகிறாற்போல் அடித்தது. என்னைக் கூப்பிட்டு, பொம்மைக்குள் குழந்தையைத் தன் கையாலேயே வைத்து, எடுக்கச் சொன்னார். உள்ளே கையை விட்டதும் தெரிந்தது, கால் முன்னால். அவசரப்படவில்லை. இடுப்பு, தோள், கை. உடம்பைத் தூக்கி, விரல் வைத்து, தலை. எடுத்து மேசைமேல் வைத்தேன்.

அவர் குழந்தையை எடுத்துத் தானே பொம்மைக்குள் திரும்ப வைத்தார். டாக்டரம்மாவிடம் திரும்பி, அடுத்த வருஷம் எத்தனை பெண்களைச் சேர்ப்பதாக உத்தேசம் என்று கேட்டார்.

மரியபுஷ்பம் வெளியே ஓடினாள். அங்கே பரளச்சியிலிருந்து வெள்ளையம்மாளும் இன்னும் சிலரும் தங்கள் பருத்தியில் வந்த பொம்மையைப் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு வந்து காத்திருந்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்று சொன்னதும் குலவை போட்டார்கள். இன்ஸ்பெக்டர் அம்மாள் திடுக்கிட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

எங்கள் ஊருக்கு எந்தப் பெண்ணைத் தரப்போகிறீர்கள் என்று வெள்ளையம்மாள் டாக்டரம்மாவிடம் கேட்டார். படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லி முடிப்பதற்குள், “நான் வாரேன்” என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்தத் தைரியம். அப்பாவிடம் அப்புறம்தான் சொன்னேன்.

அந்தக் கூட்டத்தில் காளியம்மாளும் இருந்தாள். சேலை முந்தானையைக் கொஞ்சம் விலக்கி, வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டு, “அம்புட்டு நாளு இது பொறுக்காது தாயி. ஆவணிக்கு நானே இங்க வாரேன்” என்றாள்.

சொன்னபடி வந்தாள். ஒரு மத்தியானம் வலி கண்டது. டாக்டரம்மா என்னைக் கை கழுவச் சொன்னார். முதன்முதலாக ஓர் உயிருள்ள வயிற்றின்மேல் கை வைத்தேன். காளியம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் முன்னாலா என்று அவள் கண் கேட்டது. நான் விரலால் தேடினேன். பழகிய அத்தனையும் நினைவில் வரிசையாக வந்து நின்றது.

எதற்கும் வேலையே இல்லாமல் போய்விட்டது. குழந்தை தலை முன்னால், நேராக, யாரையும் எதிர்பாராமல் தானாகவே வந்து என் இரண்டு கையிலும் விழுந்து, ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி அழுதது.